கேபிள் கட்டுகிற கைக்கு அபராதமா?



2025-ம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் இரவு, கோவைப் பக்கத்து மில் ஒன்றின் கேட்டிலிருந்து யூனியன் ஆபீசுக்கு ஆள் வந்தது. இரவு ஷிப்டுக்கு ஏற வந்த பதினேழு பேரை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், உடனே வாருங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால் சங்கதி இதுதான். கேட்டில் மாட்டியிருக்கும் ஹாஜர் மிஷின் யாருடைய விரலையும் ஏற்கவில்லை. அந்த மில்லில் தொழிலாளியின் விரல் ரேகை கேட் மிஷினில் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கேட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே ஓடுகிற கேபிளில் சேதி போய்த் திரும்பினால்தான் ‘இவன் நம் ஆள்’ என்று மிஷினுக்குத் தெரியும். சேதி நின்றுவிட்டது. பதினைந்து வருஷம் சைடராக வேலை பார்த்தவரும் அன்றைக்கு அந்த மிஷினுக்கு முன்பின் அறியாத ஆள்!

மிஷினில் பச்சை விளக்கு எரியாவிட்டால் ஹாஜர் இல்லை. ஹாஜர் இல்லாவிட்டால் கூலி இல்லை. இது நிர்வாகத்தின் வேதவாக்கு. அந்த மாதத்தில் இப்படி நடந்தது நாலாவது தடவை. முதல் மூன்று தடவையும் அரை நாள் கூலியை இழந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்கள். நாலாவது தடவை பொறுக்கவில்லை.

உள்ளே போனேன். ஆபீஸ் வராந்தாவில் ஒரு பையனை நிறுத்தி வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வயது இருக்கும். இரண்டு மாதம் முன்பு அந்த ஆபீசுக்குப் புதிதாகக் கேபிள் போட்ட ஆட்களில் ஒருவன். பக்கத்தில் அவனுடைய காண்ட்ராக்டர். மானேஜர் கேட்கும்படியாகக் காண்ட்ராக்டர் சத்தம் போட்டார்: “இவன் வேலையின் லட்சணம் இது! பதினைந்து நாள் கூலியைப் பிடித்தாகிவிட்டது. இனி என்ன செய்யச் சொல்கிறீர்கள்?” மானேஜர் தலையை ஆட்டினார். ஜன்னலுக்கு வெளியே நின்ற நம் ஆட்களில் சிலரும், “இவனாலதான் எங்க கூலி போச்சு” என்று கத்தினார்கள்.

மறைக்காமல் சொல்கிறேன். நானும் அவனைத்தான் முதலில் கேட்டேன். “ஏன் தம்பி, செய்யற வேலையை ஒழுங்காச் செய்யக் கூடாதா?” என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்து, “ஒழுங்காச் செய்யறதுக்கு டூலு வேணுமுங்க, தோழர். நாலு பேருக்கு ஒரே டூலுங்க” என்றான்.

இந்தக் கட்டுரை எழுதக் காரணம் அந்த ஒரு பதில்தான்.

அவனுடைய அப்பா யார் என்று விசாரித்தேன். 2000-க்குப் பிறகு மூடிப்போன ஒரு மில்லில் டாபராக இருந்து, கணக்குத் தீர்க்காமல் வெளியே தள்ளப்பட்டவர். அப்பா நூல் இழையோடு வாழ்ந்தார், பிள்ளை செப்புக் கம்பி இழையோடு வாழ்கிறான். இருவருக்கும் நடுவில் ஒரு தலைமுறை இடைவெளி. சுரண்டல் மட்டும் இடைவெளி இல்லாமல் தொடர்கிறது.

இந்த வேலை என்னவென்று தெரியாமல் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. எனக்கும் அந்த இரவுக்கு முன் தெரியாது. பதினோரு மணி முதல் விடியற்காலை நாலு மணி வரை அந்தப் பையனோடு தரையில் உட்கார்ந்து டார்ச் பிடித்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆபீசில் மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் இருக்கிறதல்லவா? ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கேபிள் சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் ஓடி, ஒரு சின்ன அறையில் இருக்கும் இரும்புச் சட்டத்துக்கு வந்து சேருகிறது. அங்கே குறுக்காக ஒரு பலகை பொருத்தியிருக்கும். அதற்குப் பாட்ச் பேனல் என்று பெயர். முன்பக்கம் வரிசையாக 24 துளைகள். பின்பக்கம் துளை ஒன்றுக்கு எட்டு உலோகப் பற்கள். சுவரிலிருந்து வருகிற கேபிளின் எட்டுக் கம்பிகளையும் அந்த எட்டுப் பற்களில் இறக்க வேண்டும். முன்பக்கத் துளையிலிருந்து ஒரு சின்னக் கயிறு போன்ற கேபிள், ஸ்விட்ச் என்கிற பெட்டிக்குப் போகிறது.

சுவர்க் கேபிளை நேராகப் பெட்டியிலேயே செருகிவிட்டால் என்ன, நடுவில் இந்தப் பலகை எதற்கு என்று கேட்டேன். சுவருக்குள் ஓடுகிற கேபிளில் ஒவ்வொரு கம்பியும் ஒற்றைத் தடிக் கம்பி. அடிக்கடி வளைத்தால் முறிந்துபோகும். அதனால் அதைப் பேனலின் பின்னால் ஒரு தடவை பொருத்தியபின் யாரும் தொடக் கூடாது. மாற்றுவது, பிடுங்குவது, செருகுவது எல்லாம் முன்பக்கத்துச் சின்னக் கேபிளில்தான். அது பல மெல்லிய இழைகளைச் சேர்த்துத் திரித்த கம்பி, வளைந்து கொடுக்கும். தறியில் வார்ப்பை யாரும் கலைப்பதில்லை, தாரைத்தான் மாற்றுகிறோம். அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முறுக்கு என்றால் என்ன என்று மில் தொழிலாளிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேபிளுக்குள்ளேயும் முறுக்குத்தான் உயிர். எட்டுக் கம்பிகளும் இரண்டிரண்டாகச் சேர்ந்து நாலு ஜோடி. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு. ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் வெள்ளை கலந்த ஒரு துணைக் கம்பி. ஜோடி ஜோடியாக முறுக்கியிருப்பார்கள். நாலு ஜோடிக்கும் நாலு விதமான முறுக்கு. நூலில் முறுக்கு ஏற்றுவது பலத்துக்காக. இங்கே அப்படியல்ல. பக்கத்து ஜோடியில் ஓடுகிற சேதி இந்த ஜோடிக்குள் கசியாமல் இருக்கவும், வெளியே ஓடும் மோட்டாரும் மின்சாரக் கம்பியும் சேதியைக் கெடுக்காமல் இருக்கவும் முறுக்குகிறார்கள். முறுக்கியிருந்தால் வெளியிலிருந்து வருகிற தொந்தரவு இரண்டு கம்பிகள் மேலும் சமமாக விழும். சமமாக விழுந்தது மறுமுனையில் ஒன்றுக்கொன்று கழிந்துபோகும். டெலிபோன் கண்ட கிரஹாம் பெல் 1881-லேயே இந்த யுக்திக்குப் பேட்டண்ட் வாங்கினார்.

ஆகவே பேனலின் பற்களில் இறக்கும்போது முறுக்கை எவ்வளவு பிரிக்கிறோம் என்பதே பெரிய விஷயம். அரை அங்குலத்துக்கு மேல், அதாவது 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பது விதி. வேலை சுலபமாக இருக்க வேண்டுமென்று இரண்டு மூன்று அங்குலம் பிரித்துவிட்டு, கோழி கிளறிய குப்பை மாதிரி விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கேபிள் ஓடத்தான் செய்யும். ஆனால் தடுக்கித் தடுக்கி ஓடும்.

அப்புறம் அந்தப் பற்கள். ஒவ்வொரு பல்லும் கத்தி மாதிரி பிளந்திருக்கிறது. கம்பியின் மேலுறையைச் சீவ வேண்டியதில்லை. உறையோடு வைத்து அழுத்தினால் பல்லே உறையைக் கிழித்துச் செம்பைக் கவ்விக்கொள்ளும். அப்படி அழுத்துவதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. பஞ்ச் டூல் என்கிறார்கள். கைப்பிடியை அழுத்தினால் உள்ளே ஸ்பிரிங் ‘டக்’ என்று அடிக்கும். கம்பி சரியான ஆழத்துக்கு இறங்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தையும் அதே அடியில் வெட்டிவிடும். அந்தக் கருவி இல்லாதவன் என்ன செய்வான்? ஸ்குரூ டிரைவரை வைத்துக் குத்துவான். பல்லின் வாய் அகன்றுவிடும். கவ்வு தளர்ந்துவிடும். அன்றைக்குச் சோதித்தால் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ‘ஓகே’ என்று கையெழுத்தும் ஆகிவிடும். பத்து நாள் கழித்து யாராவது அந்த இரும்பு அறைக் கதவைச் சாத்துவார்கள், கேபிள் கட்டு லேசாக அசையும், கவ்வு விட்டுவிடும். இன்னொரு அசைவில் பிடித்துக்கொள்ளும். பேய் பிடித்த மாதிரி வந்துவந்து போகிற கோளாறு! அந்த மில்லில் நடந்தது இதுவேதான். ஆபீஸ் சுவருக்கு அடுத்து ஷெட். சுவர் இரவும் பகலும் அதிர்ந்துகொண்டிருந்தது.

அந்த இரவு அவர்களுடைய ஒரே டூல் வேறொரு ஊர் வேலையிடத்தில் இருந்தது. அதைக் கூட்டாளிப் பையன் மோட்டார் சைக்கிளில் எடுத்துக்கொண்டு வர மணி பன்னிரண்டரை. கேட் கேபிள் இறங்கியிருந்த பற்கள் கெட்டுப்போனதால் அதே இடத்தில் திரும்ப இறக்கிப் பிரயோஜனமில்லை. காலியாக இருந்த வேறொரு துளைக்கு மாற்ற வேண்டும். ஆனால் கேபிள் எட்டவில்லை! பின்னால் ஒரு முழமாவது சுருட்டி மிச்சம் விட்டு வைப்பது வழக்கம். பின்னாளில் இப்படி வெட்டிக் கட்ட நேரும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. காண்ட்ராக்டர் மீட்டர் கணக்குப் பார்த்து அதையும் மிச்சம் பிடித்துவிட்டார். ஆகவே கட்டு முழுவதையும் அவிழ்த்து, நெரித்துக் கட்டியிருந்த நைலான் பட்டைகளை வெட்டி எறிந்து, ஒவ்வொரு கேபிளாக இழுத்து ஒழுங்கு பண்ணி, நாலு விரற்கடை நீளம் சம்பாதிப்பதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது.

இன்னொன்றும் தெரியவந்தது. பையன் பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டி டார்ச் வெளிச்சத்தில் காட்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள். விலை மலிவு. செம்பைவிட மின்சாரத்தைத் தடுப்பது அதிகம், சீக்கிரம் முறியும், காமிரா போன்றவற்றுக்கு இதே கேபிளில் மின்சாரமும் அனுப்பினால் அதிகம் சூடேறும். இந்த வேலைக்கான தர விதிகள் செம்பைத்தான் சொல்கின்றன. அலுமினியக் கேபிள் வாங்கியது யார்? பையனா? ரோலைப் பிரித்தபோதே அவன் காண்ட்ராக்டரிடம் சொல்லியிருக்கிறான். “உனக்கு என்னடா தெரியும்?” என்பதுதான் பதில்.

இப்போது கணக்குப் போடுங்கள் தோழர்களே. கேபிள் மட்டம், அது காண்ட்ராக்டர் வாங்கியது. மிச்ச நீளம் இல்லை, அது காண்ட்ராக்டர் மிச்சம் பிடித்தது. டூல் இல்லை, அது காண்ட்ராக்டர் வாங்கித் தராதது. ஆக மலிவான டெண்டரைத் தேடிப் பிடித்தது மில் நிர்வாகம். பதினைந்து நாள் கூலி போனது மட்டும் பையனுக்கு! அரை நாள் கூலி போனது மில் தொழிலாளிக்கு! லாபம் மேலே ஏறி இரண்டு பேர் பைக்குப் போயிற்று, நஷ்டம் கீழே இறங்கி இரண்டு பேர் வயிற்றில் அடித்தது. அடிபட்ட இரண்டு பேரும் ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் நின்றுகொண்டு ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். மானேஜர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இதை நான் கிளைக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு பழைய தோழர் எழுந்து ஆட்சேபித்தார். “பேனலின் பின்பக்கத்தை அழகாகக் கட்டினால் என்ன, அலங்கோலமாகக் கட்டினால் என்ன? முதலாளி ஆபீசுக்கு நாம் எதற்கு அலங்காரம் பண்ண வேண்டும்? கொடுக்கிற கூலிக்கு இவ்வளவு போதும்” என்றார். கைதட்டலும் கிடைத்தது. அவர் அடிபட்டு வளர்ந்த மனிதர், அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்னது தப்பு.

அலங்காரம் வேறு, ஒழுங்கு வேறு. கேபிள்களை வரிசையாகப் படுக்கவைத்து, நெரிக்காமல் துணிப்பட்டையால் கட்டி, திருப்பங்களில் ஒடிக்காமல் வளைத்து, இரு முனையிலும் நம்பர் எழுதி ஒட்டுவது பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அழகு யாருக்காக? முதலாளி ஒருநாளும் அந்த அறைக்குள் தலை நீட்டப் போவதில்லை. அடுத்த தடவை அந்தப் பேனலைத் திறக்கப்போகிறவன் இன்னொரு கேபிள் பையன். நம்பர் இல்லாத நாற்பது கேபிளில் எது கேட்டுக்குப் போகிறது என்று கண்டுபிடிக்க ராத்திரி முழுவதும் ஏணியில் ஏறி இறங்கப்போகிறவன் அவன். ஒன்றைப் பிடுங்கும்போது இன்னொன்று அறுந்து, அதற்கும் அபராதம் கட்டப்போகிறவன் அவன். ரிங் பிரேமில் அறுந்த இழையை ஒட்டாமல் மறைத்துவிட்டுப் போனால் அடுத்த ஷிப்டுக்காரன் தலையில் விடிகிறதா இல்லையா? நாற்றங்காலில் முடி கட்டுகிறவர்கள் தாறுமாறாகக் கட்டினால் நடுகிற பெண்களின் இடுப்புத்தானே ஒடிகிறது? பண்ணையாருக்கு என்ன?

அப்படியானால் சுத்தமாக வேலை செய் என்று பையனுக்கு உபதேசம் பண்ணிவிட்டுப் போகலாமா? அதைத்தான் மானேஜரும் செய்கிறார்! உபதேசம் எனக்கு வேண்டாம். நான் கேட்பது நேரத்தைப் பற்றி.

இந்தத் தொழிலில் கூலி பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. ஒரு கேபிளின் இரண்டு முனையையும் பொருத்தினால் ஒரு பாயிண்ட். கட்டி ஒழுங்கு பண்ணுவது, நம்பர் ஒட்டுவது, சோதிப்பது எதற்கும் தனிக் கூலி கிடையாது. எல்லாம் அந்தப் பாயிண்டுக்குள் அடக்கம். 24 துளைப் பேனல் ஒன்றை நிதானமான கை விதிப்படி முடிக்க அரை நாளுக்குக் குறையாது. அரை நாளில் ஒரு பேனல் முடித்தால் வீட்டில் அடுப்பு எரியாது என்கிற விதத்தில் ரேட்டை வைத்துவிட்டு, அவசரமாகச் செய்தாயே என்று அபராதம் போடுவது என்ன நியாயம்? ஏக்கருக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் நடவு பேசுகிற இடங்களில் விவசாயத் தொழிலாளிக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். பொழுது சாய்வதற்குள் முடித்தால்தான் கூலி கட்டும். நாற்று ஆழமாகப் போயிற்று, அகலமாகப் போயிற்று என்ற குறை மட்டும் மறுநாள் நடவுப் பெண்கள் மேல்.

சுத்தமான வேலை தொழிலாளியின் சொத்து. அதைச் செய்ய விடாமல் தடுப்பதும் ஒரு திருட்டுத்தான். கருவியைத் தராதே, நேரத்தைத் தராதே, பழக்கிக் கொடுக்காதே, கடைசியில் “இவனுக்கு வேலை தெரியாது, இவன் ஹெல்பர்” என்று சொல்லித் தேர்ச்சி பெறாத தொழிலாளியின் கூலியைக் கொடு! எட்டு நிறத்தையும் கண்ணை மூடிக்கொண்டு வரிசை சொல்கிற பையன் தேர்ச்சி பெறாதவனாம். அன்றிரவு அவன் கையைப் பார்த்தேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. வாய்ப்பாடு மாதிரி வருகிறது. பச்சை ஜோடியை ஏன் பிரித்து நடுவே நீலத்தை வைக்கிறாய் என்றேன். ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறுகிற இன்னொரு முறையும் உண்டு, எந்த முறையானாலும் இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும், நீலம் நடுவில் நிற்பது பழைய டெலிபோன் ஜோடியின் இடம் என்று விளக்கினான். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த எனக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

டெலிபோன் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இந்தக் கம்பித் தொழில் நேற்று முளைத்ததல்ல. தபால் தந்தி இலாகாவில் லைன்மேன்களும் மெக்கானிக்குகளும் இதே ஜோடிக் கம்பிகளை, இதே மாதிரி பற்களில், ஆயிரக்கணக்கில் இறக்கியவர்கள். பழைய எக்ஸ்சேஞ்சுகளில் கேபிள் கட்டுகளை மெழுகு நூலால் பின்னல் மாதிரி கட்டியிருப்பார்கள். அவர்களை இலாகாவே பயிற்சி கொடுத்து அனுப்பியது. கருவிப் பெட்டி இலாகா கொடுத்தது. அவர்களுக்கு நிரந்தர வேலை இருந்தது, பென்ஷன் இருந்தது, சங்கம் இருந்தது. மூத்தவன் இளையவனுக்குக் கை பழக்கினான். 2000 அக்டோபர் 1-ந் தேதி இலாகா வேலை கம்பெனியாக்கப்பட்டது. 2020 ஜனவரி 31-ந் தேதி, விருப்ப ஓய்வு என்ற பெயரில், ஒரே நாளில் அந்தக் கம்பெனியிலிருந்து 78,000-க்கும் அதிகமான ஊழியர்கள் வெளியேறினார்கள். அவர்களோடு போன கைப்பழக்கத்தை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதினார்கள்? இன்று இந்தப் பையன்கள் செல்போனில் படம் பார்த்துத் தொழில் கற்கிறார்கள். கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் செய்தது சர்க்காரின் கொள்கை.

இனி எல்லாம் வயர்லெஸ், கேபிளுக்குக் காலம் முடிந்தது என்று சில படித்தவர்கள் சொல்கிறார்கள். கூரையில் மாட்டியிருக்கும் அந்த வயர்லெஸ் பெட்டியின் பின்னால் என்ன தொங்குகிறது என்று அவர்கள் அண்ணாந்து பார்க்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? நஷ்டத்துக்காகக் கூலியில் பிடிப்பதானால், அந்த நஷ்டம் தொழிலாளியின் அசட்டையால் நேரடியாக விளைந்ததாக இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன்னால் அவன் தன் நியாயத்தைச் சொல்லச் சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும். அந்த ஆடி மாதத்தில் அமலில் இருந்த 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் சொன்னது இது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்! அதற்குப் பதிலாக 2019-ல் நிறைவேற்றிய கூலித் தொகுப்புச் சட்டத்திலும் இந்த நிபந்தனை இருக்கிறது. அந்தப் பையனுக்கு யார் சந்தர்ப்பம் கொடுத்தார்கள்? வராந்தாவில் நிற்கவைத்ததுதான் விசாரணையா?

காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டம் 1970-ல் வந்தது. இருபது பேர், அதற்கு மேல் வேலைக்கு வைத்திருந்தால்தான் அது காண்ட்ராக்டர் மேல் பாய்ந்தது. 2025 நவம்பர் 21-ந் தேதி மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்த புதிய தொகுப்புச் சட்டத்தில் அந்த இருபதை ஐம்பதாக உயர்த்திவிட்டார்கள். நம் பையனின் காண்ட்ராக்டரிடம் ஒன்பது பேர். அவன் பழைய சட்டத்துக்கும் வெளியே, புதிய சட்டத்துக்கும் வெளியே. நேற்றுவரை உள்ளே இருந்த முப்பது பேர், நாற்பது பேர் கோஷ்டிகளும் இப்போது அவனோடு வெளியே வந்து நிற்கின்றன. இதற்குப் பெயர் சீர்திருத்தம் என்கிறார்கள்!

கிராமத்துத் தோழர்கள், ‘இது டவுன் சமாசாரம், நமக்கென்ன’ என்று நினைக்க வேண்டாம். பாங்கிக்குக் கூலிப் பணம் எடுக்கப் போனால் “நெட் இல்லை, நாளைக்கு வா” என்கிறார்கள். தாலுகா ஆபீசில் சர்டிபிகேட் கேட்டால் “சர்வர் படுத்துவிட்டது” என்கிறார்கள். அன்றைய வேலையை விட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்தவன் வெறுங்கையோடு திரும்புகிறான். எங்கோ கண்காணாத இடத்தில் இருக்கும் பெரிய மிஷின் கெட்டுவிட்டதாக்கும் என்று அவன் நினைத்துக்கொள்கிறான். அப்படியும் இருக்கலாம். ஆனால் அந்தக் கவுண்டருக்குப் பின்னால், அடுத்த அறையிலேயே, ஸ்குரூ டிரைவரால் குத்தப்பட்ட ஒரு பல் வாயைப் பிளந்துகொண்டிருக்கவும் கூடும். அதை யார், எந்தக் கூலிக்கு, எந்தக் கருவியோடு செய்தான் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த மில்லில் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். நாலு மணிக்கு மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது. மறுநாள் கேட் கூட்டம் போட்டோம். பையனையும் அழைத்து வந்து, தொழிலாளிகள் முன்னால் அந்தக் கம்பியைச் சுரண்டிக் காட்டச் சொன்னேன். முன்தினம் அவனை ஏசியவர்களில் ஒருவர் அந்தத் துண்டை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “இது நம்ம கழிவுப் பஞ்சு கதை மாதிரியல்ல இருக்குது” என்றார். அதற்குமேல் யாரும் அவனை ஏசவில்லை. இரண்டு கோரிக்கை வைத்தோம். மிஷின் நின்றால் கேட்டில் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவோம், அதுவே ஹாஜர். கேபிள் தொழிலாளியிடம் பிடித்த கூலியைத் திருப்பித் தர வேண்டும். அதுவரை காண்ட்ராக்டரின் பில்லை நிர்வாகம் பட்டுவாடா செய்யக் கூடாது.

மில்காரர்களுக்கு எதற்குக் கேபிள்காரன் கூலியைப் பற்றிக் கவலை என்று மானேஜர் கேட்டார். கவலை இருக்கிறது என்று சொன்னோம். இரண்டு மணி நேரம் ஷெட் நின்றது.

நோட்டை ஒப்புக்கொண்டார்கள். நாலு தடவையும் போன அரை நாள் கூலிகள் அடுத்த சம்பளத்தில் சேர்ந்தன. பையனுக்குப் பதினைந்தில் பத்து நாள் கூலி திரும்பி வந்தது. ஐந்து நாள் கூலி இன்னும் பாக்கி. மனு கொடுத்தோம், காண்ட்ராக்டரிடமிருந்து பதில் இல்லை. ஆனால் அந்தக் கோஷ்டிக்கு இரண்டாவது பஞ்ச் டூல் வாங்கியிருக்கிறார். ஒன்பது பேருக்கு இரண்டு!

அந்த ஒன்பது பேரும், வேறு மூன்று கோஷ்டிகளின் பையன்களும் யூனியன் ஆபீஸ் மாடியில் கூடிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு டூல். சோதிப்பதற்கும் நம்பர் ஒட்டுவதற்கும் தனி ரேட். விசாரணையில்லாமல் பிடித்தம் கூடாது. ஏணியிலிருந்து விழுந்தால் வைத்தியச் செலவு காண்ட்ராக்டருடையது. இவ்வளவும் ஒரு காகிதத்தில் எழுதியாகிவிட்டது. டூலின் விலையைக் கேட்டு, அதையும் ஓரத்தில் குறித்திருக்கிறார்கள். மில் தோழர்களே, விவசாயத் தோழர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையோ அக்கம்பக்கத்துப் பிள்ளையோ இந்த வேலைக்குப் போகிறானானால் அனுப்பி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடுகிறார்கள். மற்ற நாளில் எந்த ஊரில் எந்தக் கூரைக்கு மேல் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.